குழந்தையின் தீக்காயத் தழும்புக்கு பிரஷர் கார்மென்டா, சிலிகானா?

புண் ஆறிவிட்டது என்று வீடே நிம்மதியாகும் நேரத்தில்தான் தழும்பு தன் வேலையை ஆரம்பிக்கும். ஆறுவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் எடுத்த இடம் என்றால் பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் சிவந்து, தடித்து, கயிறு மாதிரி இறுகும். குழந்தை ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கும். அப்போது மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்வது இந்த இரண்டைத்தான்.

பிரஷர் கார்மென்ட் அளவெடுத்துத் தைக்கும் இறுக்கமான எலாஸ்டிக் உடை. அழுத்தம் சுமார் 15 முதல் 25 மி.மீ. பாதரசம், நாளுக்கு 23 மணி நேரம், குளிக்கவும் தழும்பை நீவிவிடவும் மட்டும் கழற்றலாம், அதுவும் தழும்பு வெளிறி மென்மையாகும்வரை, சில குழந்தைகளுக்கு இரண்டு வருடம்கூட ஆகும். கை, கால், உடம்பில் பரந்து கிடக்கும் தடித்த தழும்புக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்: 2009இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தழும்பின் உயரம் கொஞ்சம் குறைந்தது, மற்றபடி பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பெரியவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் குழந்தைகளுக்கு உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், பிள்ளையும் வளர்ந்திருக்கும், ஆக மறுபடி அளவு. துவைத்துப் போட குறைந்தது இரண்டு செட் வேண்டும். போட்டபின் விரல் நுனியைப் பாருங்கள். நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, மரத்துப்போகிறது என்று குழந்தை சொன்னாலோ உடனே கழற்றிவிட்டு, தைத்தவர்களிடம் காட்டுங்கள். முகமூடி, தாடைப் பட்டை என்றால் பல்லும் தாடையும் வளர்வதைக் கண்காணிக்க வேண்டும்.

சிலிகான் வேறு விதம். தோலில் ஒட்டும் ஷீட்டாகவும், தடவும் ஜெல்லாகவும் வரும். தோலின் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கிறது, நசுக்குவதில்லை. ஷீட்டை ஒரு சில மணி நேரத்தில் தொடங்கி 12 மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோவார்கள். தினமும் ஷீட்டையும் தோலையும் கழுவாவிட்டால் வியர்வையில் தடிப்பு வந்துவிடும். கைக்குழந்தை பிய்த்து வாயில் வைக்கும், அதனால் ஆள் பார்வை வேண்டும். முகம், கழுத்து, விரல் இடுக்கு மாதிரி உடையும் ஷீட்டும் ஒழுங்காக உட்காராத இடத்துக்கு ஜெல்தான் வசதி: மெலிசாகத் தடவி, காயவிட்டு, அவ்வளவுதான். எதுவானாலும் திறந்த புண்மேல் வேண்டாம்.

சரி, இரண்டையும் சேர்த்துப் போட்டால்? ஆஸ்திரேலியாவில் குழந்தைகளிடமே நடத்திய ஒப்பீட்டுச் சோதனையில், சேர்த்துப் போட்டது தனித்தனியாகப் போட்டதைவிட மேலானதாக இல்லை. அதனால் சின்னத் தழும்புக்கு சிலிகானே போதும் என்பது என் எண்ணம். உடை போட்டாலே அழுகிற பிள்ளையை இரண்டாலும் படுத்தவேண்டியதில்லை.

மூட்டின்மேல் தழும்பு என்றால் இந்த இரண்டும் தனியாகக் காப்பாற்றாது. ஸ்ப்லின்ட்டும் (மூட்டு மடங்கிப்போகாமல் பிடித்துவைக்கும் தாங்கி) தினசரி நீட்டல் பயிற்சியும் கட்டாயம். நேற்றுவரை நேராக நீண்ட முழங்கை இன்று கொஞ்சம் மடங்கியே நிற்கிறது என்று தோன்றினால், அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே ஃபிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.