அலுமினியப் பெட்டியா, துணிப் பையா?

நெடும்பயணத்தில் சாமான் வைக்க மோட்டார்சைக்கிளின் இருபுறமும் எதை மாட்டுவது? சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் மோட்டார்சைக்கிள் வரிசையில் ஒருமுறை நின்றாலே பாதி விடை தெரிந்துவிடும். இருபுறமும் துருத்தும் அலுமினியப் பெட்டிகளோடு நெரிசலில் நுழைந்தால் யார் முழங்காலிலாவது இடிக்கும். இரண்டு காலிப் பெட்டிகளும் தாங்கும் சட்டமும் சேர்ந்தாலே 10 கிலோவைத் தாண்டும். சிங்கப்பூரில் சிறிய மோட்டார்சைக்கிள்களுக்கான 2பி உரிமத்தில் ஓட்டும் 200 சிசி வண்டிக்கு அது பெரிய சுமைதான்.

ஆனால் பூட்டு இருக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) கார் நிறுத்துமிடத்தில் இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்கலாம். துணிப் பையை நான் தினமும் மாடிக்குத் தூக்குகிறேன், சலிப்பான வேலை.

அப்புறம் ஜோகூர் செம்பனைத் தோட்டம். மழைக்குப் பின் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். விழாமல் வந்தவர் குறைவு. சேற்றில் காலூன்றித் தடுமாறும்போது பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலில் மோதும், வண்டி சாய்ந்தால் கால் அடியில் சிக்கி எலும்பே முறியலாம். பை நசுங்கும், அவ்வளவுதான். பையின் வாயை மூன்று சுற்றாவது சுருட்டி மூடினால் தண்ணீரும் புகாது. புகைபோக்கிப் பக்கம் மட்டும் வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள். என் முதல் பையில் ஓட்டை விழுந்து, உள்ளே இருந்த மழைக்கோட்டும் உருகிப்போனது.

தார்ச்சாலையில் தாய்லாந்து வரை போவதென்றால் பெட்டி. மண்ணில் இறங்குகிறவருக்கு நான் பையைத்தான் சொல்வேன்.