ஏழு வருஷமா கடல்காத்துல வாட்டர்கலர்: எது தாங்குச்சு, எது ஊத்திக்கிச்சு

சென்னைல மேற்கு மாம்பலத்துல இருந்து இஞ்சம்பாக்கத்துக்கு நாங்க வீடு மாறுனது 2018 ஜூன்ல. கடலுக்கு நடந்தா நாலு நிமிஷம், ரெண்டாவது மாடி, கிழக்கு பாத்த பால்கனி. வீடு பாக்கப் போன அன்னிக்கே ஈசலை, அதான் படம் வரையுற ஸ்டாண்டை, எந்த மூலையில வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன், வாடகை எவ்ளோன்னு கேட்டதே அதுக்கப்புறம்தான். "கடலைப் பாத்துக்கிட்டே வரையலாம், குடுத்து வச்சவ நீ"ன்னு பழைய ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. வாரத்துல மூணு நாள் அப்படி உக்காந்து வரைஞ்சா அதிசயம், மீதி நாளெல்லாம் அந்தக் கடல் என் சாமான் மேல என்ன பண்ணி வச்சிருக்குன்னு துடைச்சுட்டு இருக்கேன். இப்ப கடலோரத்துக்கு குடி வரப்போற ரெண்டு மூணு பேர் என்ன வாங்கலாம்னு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

முதல்ல ஈசல். டிராயரோட இருக்குமே, மடிச்சு பொட்டி மாதிரி தூக்கிட்டுப் போகலாம், அந்த ஃபிரெஞ்ச் ஈசல், பீச்வுட்ங்கிற மரத்துல பண்ணது, 9,500 ரூபா குடுத்து வாங்குனேன். முதல் மழைக்காலத்துலயே கட்டை உப்பி டிராயர் சிக்கிக்கிச்சு, இழுத்தாலும் வரல தட்டுனாலும் வரல, நவம்பர்ல உள்ள மாட்டுன ரெண்டு பிரஷ் பொங்கலுக்குத்தான் வெளிய வந்துச்சு. ஸ்க்ரூ எல்லாம் துரு. அதைக் கூட விட்ரலாம், பேப்பரைப் போர்டுல பிடிக்க கருப்பு கிளிப் போடுவோம்ல, அதை ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டுத் தூங்கிட்டேன், காலைல எடுத்துப் பாத்தா பேப்பர் ஓரத்துல கிளிப்போட வாய் அச்சு மாதிரி செம்பட்டையா ஒரு கோடு. ஊறி உள்ள இறங்கிடுச்சு, ரப்பர் வச்சுத் தேச்சாலும் போகல, அந்த படத்தை ஒரு இஞ்ச் வெட்டித்தான் வித்தேன்.

அப்புறம் ஒரு ஹார்டுவேர் கடைல போய் நின்னப்ப அண்ணாச்சி கேட்டார், "304 வேணுமா 316 வேணுமா?" ரெண்டுமே எவர்சில்வர்தானேன்னு நினைச்சேன். 316ல மாலிப்டினம்னு ஒரு உலோகம் சேத்திருக்காங்க, உப்புத்தண்ணிக்கு அதுதான் தாங்கும், படகுக்காரங்க வாங்குறது அதுதான்னு சொன்னார். விலை கூடதான், ஆனா ஈசல்ல இருக்கிற மொத்த நட்டு போல்ட்டும் சேத்து ஒரு நல்ல பிரஷ் விலைகூட வரல. மாத்தி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் பளபளன்னு இருக்கு. கிளிப்புக்குப் பதிலா பிளாஸ்டிக் துணி கிளிப்பு. டிராயரோட ஓரத்தை உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் தேச்சுக் குறைச்சு மெழுகுவத்தியைத் தடவிட்டேன், இப்ப மழைலயும் வருது. ஈசலுக்கு என்னோட தீர்ப்பு: வாங்கலாம், ஆனா அது வந்த ஸ்க்ரூவோட யூஸ் பண்ணாதீங்க.

பேப்பருக்கு வர்றேன், இங்கதான் என் காசு நெறைய போச்சு. வந்த புதுசுல கலர்தான் முக்கியம்னு நினைச்சு வெளிநாட்டு டியூபா வாங்கிக் குவிச்சுட்டு பேப்பரை இரும்பு பீரோல துணிக்கு அடியில வச்சிருந்தேன். காட்டன் பேப்பர் மேல ஜெலட்டின் மாதிரி ஒரு கோட்டிங் இருக்கும், சைஸிங்னு சொல்லுவாங்க, கலர் உடனே உள்ள இறங்காம மேலயே நிக்கிறது அதனாலதான். மாசக்கணக்குல ஈரக்காத்துல கெடந்தா அந்த கோட்டிங் செத்துடும். பாத்தா ஒண்ணும் தெரியாது, பேப்பர் வெள்ளையாத்தான் இருக்கும். வானத்துக்கு ஒரு வாஷ், அதான் தண்ணியா கலந்து பரவலா ஒரு பூச்சு, போடுவீங்க, அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியா கருத்துக்கிட்டு வரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு எங்க தெருவுல நாலு நாள் கரன்ட் இல்ல, வீடு முழுக்க ஈரச்சாக்கு வாசனை, அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் என்கிட்ட இருந்த 40 ஷீட்ல 18 வேலைக்கு ஆகல. அதை வச்சு இப்ப என் டிராயிங் கிளாஸ் பசங்க வரையுறாங்க, பாஸ்டல் போட்டா தெரியல. அதுல இருந்து எந்த ஷீட் எடுத்தாலும் ஓரத்துல ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாத்துட்டுதான் ஆரம்பிப்பேன், சொட்டு முத்து மாதிரி நின்னா நல்ல பேப்பர், பட்டுனு உறிஞ்சிட்டா பசங்களுக்கு.

இப்ப பேப்பர் எல்லாம் ரப்பர் விளிம்பு வச்ச பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டு. சிலிக்கா ஜெல்ல ஆரஞ்சு கலர்ல வர்றதை வாங்குங்க. நீலமா இருந்து பிங்க்கா மாறுதே அதுல கோபால்ட் குளோரைடு இருக்கு, அது விஷம், அதை வறுத்துக் காயவைக்கிறேன்னு சமையல் வாணலியைத் தொடாதீங்க, எங்க வீட்ல இதுக்குன்னு ஒரு பழைய வாணலி தனியா கெடக்கு.

ரூம் காத்துல இருக்கிற ஈரத்தை எடுக்குற மிஷின், டீஹ்யூமிடிஃபையர், ரெண்டு வாங்கிருக்கேன். முதல்ல வாங்குனது ரேடியோ பொட்டி சைஸ்ல ஒண்ணு, நாள் முழுக்க ஓடி ஒரு டம்ளர் தண்ணி எடுக்கும், அதுக்கு நானே ரூம்ல உக்காந்து மூச்சு விடாம இருந்திருக்கலாம். ரெண்டாவது கம்ப்ரஸர் வச்சது, விலை பதினஞ்சாயிரத்தைத் தாண்டிடுச்சு, மழை நாள்ல ஒண்ணரை லிட்டர் எடுக்குது, ரெண்டு மாச பில்லுல நானூறு ஐநூறு கூடுது. எங்க வீட்டுக்காரர் முதல்ல முணுமுணுத்தார், அப்புறம் அவரோட கேமரா லென்ஸையும் கொண்டுவந்து அந்த ரூம்லயே வச்சுட்டார். இந்த ஏழு வருஷத்துல வாங்குனதுல ரொம்ப பிரயோஜனமான பொருள் எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன், ஓவியத்துக்கு சம்பந்தமே இல்லாத ஒரு மிஷின்.

இந்த ஊர்ல ஒரே நாள்ல பேப்பர் ரெண்டு விதமா நடந்துக்கும், இது எனக்குப் பிடிபடவே ரெண்டு வருஷம் ஆச்சு. ஜூன் மாசம் மேக்காத்து அடிக்கிற நாள்ல காலைல பத்து மணிக்கு வாஷ் போட்டா பிரஷ் வலது ஓரம் போய்ச் சேர்றதுக்குள்ள இடது ஓரம் காஞ்சு கோடு விழுந்துரும். மத்தியானம் ஒரு மணியோ ரெண்டு மணியோ கடல்காத்து உள்ள வரும், பால்கனி கதவு தானா ஒரு அடி அடிச்சுக்கும், எனக்கு அதுதான் அலாரம். அதுக்கப்புறம் அதே பேப்பர் அதே கலர், அரை மணி நேரம் ஆனாலும் தொட்டா சில்லுனு இருக்கும். முன்னாடி ஹேர் டிரையரோட சண்டை போட்டுட்டு இருந்தேன். இப்ப வலைக்கயிறு, நங்கூரம், துடுப்பு மாதிரி கூர்மையா வேண்டிய வேலை எல்லாம் காலைல, மேகம் தண்ணி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கலக்க வேண்டியது எல்லாம் கதவு அடிச்சதுக்கு அப்புறம்.

கலர்ல ஒரு காமெடி. கடலோரம் போறோம்னு நீலமா வாங்குனேன், கோபால்ட், செருலியன், அல்ட்ராமரீன், தேலோன்னு. ஏழு வருஷத்துல அதிகமா தீந்த டியூப் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு. நம்ம ஊர் கடல் எங்கங்க நீலமா இருக்கு, பாதி நாள் பச்சையும் சாம்பலும், மழைக்காலத்துல கரையோரம் டீத்தண்ணி. அல்ட்ராமரீன்ல பர்ன்ட் சியன்னா கலந்தா வர்ற சாம்பல்தான் என்னோட கடல், தேலோ டியூப் அப்ப வாங்குனது இன்னும் பாதி இருக்கு. காலைல சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும், கடல் கழுவி வெயில்ல வச்ச எவர்சில்வர் தட்டு மாதிரி கண்ணு கூசும், படகெல்லாம் வெறும் கருப்பு உருவம்தான். படகோட கலர் வேணும்னா நாலு மணிக்கு மேல போகணும், வெயில் நம்ம முதுகுக்குப் பின்னாடி இருந்து விழும், படகு நிழல் கடல் பக்கம் நீளும்.

கலர் விஷயத்துல ஒரு கெட்ட அனுபவமும் உண்டு. 2019ல ஒருத்தருக்கு சூரிய உதயம் ஒண்ணு பண்ணிக் குடுத்தேன், பழைய அலிசரின் க்ரிம்சன், டியூப்ல எந்த நிறமின்னு சொல்ற நம்பர் பிஆர் 83ன்னு போட்டிருக்கும். அவங்க அதை ஜன்னலுக்கு எதிர்ல மாட்டிட்டாங்க, ரெண்டரை வருஷம் கழிச்சுப் போனா சிவப்பு பூரா ஓடிப்போய் உதயம் மதியானம் ஆயிருக்கு. அவங்க ஒண்ணும் சொல்லல, "இதுவும் நல்லாத்தான் இருக்கும்மா"ன்னாங்க, எனக்குத்தான் காப்பி இறங்கல. புதுசா வரைஞ்சு குடுத்துட்டேன், க்வினாக்ரிடோன் சிவப்புல. டியூப் பேரைப் பாக்காம பின்னாடி இருக்கிற நம்பரைப் பாருங்க.

தட்டுல காஞ்ச கலர் மேல மழைக்காலத்துல வெள்ளையா பூஞ்சை வரும், அதுக்கு ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய், பல்வலிக்கு வச்சிருப்போம்ல அதேதான்.

ஃப்ரேம் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, நடுவுல மவுன்ட் அட்டை வேணும், பின்னாடி நாலு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டி செவுத்துல இருந்து தள்ளி நிக்க வைங்க, காத்து போகணும். ஒரு கடைல இரும்பு ஆணி, மைதா பசைன்னு போட்டுக் குடுத்துட்டாங்க, ஆறு மாசத்துல ராமபாணப் பூச்சி குடும்பத்தோட குடியேறிடுச்சு.

சரி, இதுல எல்லாம் சோறு வருதான்னு கேப்பீங்க. எங்க வீட்டுல இருந்து ஸ்கூட்டியில அஞ்சு நிமிஷத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966ல கே.சி.எஸ். பணிக்கர் தன்னோட மாணவர்கள், கூட்டாளிகளோட ஆரம்பிச்சது, அவர் அப்ப மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில பிரின்ஸிபால். அந்த இடம் வாங்குன காசு பாடிக் துணியும் கைவினைப் பொருளும் பண்ணி வித்து சேத்தது. பெரிய ஓவியர்கள், அவங்களே அப்படித்தான் ஓட்டியிருக்காங்க, இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்குத்தான் சனி ஞாயிறு டிராயிங் கிளாஸ் எடுக்கிறதுக்கு நான் வெக்கப்படுறதை நிறுத்துனேன். அங்க மியூசியம் பக்கம் போறப்ப எல்லாம் பணிக்கரோட மகன் நந்தகோபால் பண்ண செம்பு, பித்தளை சிற்பங்களைப் பாத்துட்டு வருவேன். செம்பு கடல்காத்துல பச்சை பிடிச்சாலும் ஒரு அழகுதான், இரும்புக்கு அந்த யோகம் இல்ல.

என் வருமானத்துல பாதி கிளாஸ், மீதி வீட்டுப் படம் வரைஞ்சு குடுக்கிறது, கொஞ்சம் நேரடி விற்பனை. பக்கத்து மீனவர் குப்பத்துல எனக்குப் பேரு டீச்சர். அங்க என்னோட படத்தை யாரும் ஒரு பொருட்டா மதிச்சது இல்ல, "டீச்சர், போட்டோ எடுத்தா ஒரு செகண்டு, இதுக்கு எதுக்கு மூணு மணி நேரம் வெயில்ல காயுற?"ன்னு வலை பின்னிட்டு இருக்கிற அண்ணன் தினமும் கேப்பார். ஆனா ஒருநாள் ஃபைபர் போட்டுக்கு (படகுக்கு) பேர் எழுதிக் குடுன்னு கேட்டாங்க. எனாமல்ல எழுதுனேன், ஒரு மாசத்துல உரிஞ்சு வந்துடுச்சு, அப்புறம் அந்த அண்ணன்தான் சொன்னார் ஃபைபரை உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்காம எந்த பெயின்ட்டும் ஒட்டாதுன்னு. இதுவரைக்கும் பதினோரு போட்டு ஆச்சு. கூலி நெத்திலி, சங்கரா, அதிர்ஷ்டம் இருந்தா இறால். பேருக்குக் கீழ மேரி மாதா படமோ முருகனோ கேப்பாங்க, அதுல கண்ணு சரியா வரலைன்னா சத்தியமா திட்டு விழும், எந்த கேலரியிலயும் அப்படி உத்துப் பாத்து யாரும் என் வேலையை விமர்சனம் பண்ணதில்ல.

வருஷத்துல ஒருதடவை மீன்பிடி தடைக்காலத்துல காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்குப் போவேன், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வரிசையா கட்டிப் போட்டுப் பழுது பாத்து பெயின்ட் அடிச்சுட்டு இருப்பாங்க. அவங்க பெயின்ட் அடிப்பாங்க, நான் அவங்களைப் பெயின்ட் அடிப்பேன். தண்ணி பாட்டில் மூணு, தொப்பி, குடை கட்டாயம், கத்திரி வெயில் சும்மா விடாது.

கடைசியா ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிடுறேன், யாரும் பண்ணாதீங்க. வந்த முதல் வருஷம், கடலைக் கடல்தண்ணியிலயே வரைஞ்சா எவ்ளோ பொருத்தமா இருக்கும்னு தோணிச்சு, ஒரு பாட்டில்ல மொண்டுட்டு வந்து அரை ஷீட்ல வரைஞ்சேன். உப்பு அங்கங்க பூத்து சூப்பரா டெக்ஸ்சர் வந்துச்சு, ரொம்ப பெருமையா இருந்துச்சு. படம் காயல. ஒரு வாரம் ஆச்சு, காயல. கடல் உப்புல மக்னீசியம் குளோரைடு மாதிரி சமாச்சாரம் இருக்கு, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து வச்சுக்கும். விக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல, கண்ணாடி இல்லாம சமையக்கட்டுக் கதவுக்குப் பக்கத்துல மாட்டி வச்சேன். மேக்காத்து நாள்ல மொறுமொறுன்னு வெள்ளைப் பொடி பூத்து நிக்கும், கடல் பக்கம் இருந்து கொண்டல்காத்து அடிச்சா நசநசன்னு வேர்த்துடும், ரொம்ப ஈரமான நாள்ல கீழ் ஓரத்துல ஒரு சொட்டு தொங்கும்.

எங்க மாமியார் ஓவியம்னா என்னன்னு இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா கோடை வந்தா தினமும் காலைல எந்திரிச்சு வந்து அந்த படத்தைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் மாடில வடாம் போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. இன்னிக்கும் தொட்டாங்க. விரலைப் புடவையில துடைச்சுக்கிட்டு, ஊறப்போட்ட ஜவ்வரிசியைத் திரும்ப ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டாங்க.