தீக்காய நோயாளிக்கு உதவ மூன்று வழிகள்: பணம் எதுவரை கூட வருகிறது?

தீக்காயம் ஓர் அறுவை சிகிச்சையோடு முடிந்துபோவதில்லை. முதல் சில வாரங்களில் உயிரைக் காப்பதும், வெந்த தோலை அகற்றிவிட்டுத் தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டுவதும் நடக்கின்றன. காயம் ஆறிய பிறகு தழும்பு தடித்து இறுகி, முகவாயை நெஞ்சோடும் விரல்களை உள்ளங்கையோடும் இழுத்துப் பிடித்துவிடுகிறது. அதை விடுவிக்க மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் உடல் வளரும் வேகத்துக்குத் தழும்பு வளராது என்பதால், சிறுவர்களுக்கு மூன்றாவது முறையும்கூடத் தேவைப்படலாம். இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயத்துக்கு உள்ளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். ஆகவே நிதி தரும் வழிகளை ஒப்பிடுகையில், அந்தப் பணம் எத்தனை மாதம் நோயாளியோடு கூட வருகிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

நமக்கு அதிகம் பழக்கமானது, 2010இல் தொடங்கிய மிலாப், 2012இல் வந்த கெட்டோ போன்ற தளங்களில் நோயாளியின் பெயரிலேயே பக்கம் திறந்து நிதி திரட்டும் வழி. இதன் பலம் வேகம். தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்போது, சில நாட்களில் லட்சங்களைத் திரட்டித் தரும் வழி ஏழைக் குடும்பத்துக்கு வேறு எளிதில் கிடைக்காது. ஆனால் அந்த வேகம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பக்கத்தை முதலில் பகிர்கிறவர்கள் உறவினரும் நண்பரும்தாம். தினக்கூலிக் குடும்பத்தின் உறவினரும் தினக்கூலிகளாகவே இருப்பதால், தேவை மிகுந்தவரின் பக்கம் அசையாமல் கிடக்கிறது. இரண்டாண்டு கழித்து, மடங்கிய முழங்கையை நிமிர்த்த அதே குடும்பம் திரும்பவும் கேட்டால், கொடுக்க முன்வருவோர் மிகக் குறைவு.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பக்கம் திறக்க ஒரு கதை வேண்டும். தீக்காயத்தில் அந்தக் கதை பல வேளைகளில் வழக்காகவும் இருக்கிறது. ‘அடுப்பு வெடித்தது’ என்று புகுந்த வீட்டார் எழுதி, பேச முடியாமல் கட்டிலில் கிடக்கும் பெண்ணின் படத்தையும் போட்டுவிட்டால், அவள் பிறகு நீதித்துறை நடுவரிடம் சொல்லக்கூடிய உண்மைக்கு எதிராக ஊரறிய ஒரு வாக்குமூலம் நின்றுவிடுகிறது. அவளைக் கேட்டு எழுதப்பட்டதுதானா என்று எந்தக் கொடையாளரும் அறிய முடியாது.

இரண்டாவது வழி, 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய வாட்சி என்ற தொண்டு நிறுவனம் கடைப்பிடிப்பது. இங்கே பக்கத்தைத் திறப்பது குடும்பம் அல்ல. கூட்டாளி மருத்துவ அமைப்பு தேர்ந்தெடுத்த நோயாளிக்கு, முன்கூட்டியே வரையறுத்த ஒரு சிகிச்சைக்கான தொகை திரட்டப்படுகிறது. ஐந்து டாலரும் தரலாம். கொடையாளர் தருவது முழுவதும் சிகிச்சைக்கே போகிறது, நிர்வாகச் செலவுக்குத் தனியாக நிதி திரட்டுகிறார்கள். தழும்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சைக்கு இது மிகவும் பொருந்துகிறது, ஏனெனில் அதன் செலவை ஓரளவு முன்பே கணிக்க முடியும். எடுத்துக்காட்டாக, தான்சானியாவின் அருஷா நகரில் வாட்சி வழியாக உதவி பெறும் பிளாஸ்டர் ஹவுஸ் இல்லத்தில், அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகள் கட்டு மாற்றிக்கொண்டு, கை கால் மடக்கி நீட்டப் பழகிக்கொண்டு தங்கியிருக்கிறார்கள். பின்கவனிப்பையும் சேர்த்துச் செலவாகக் கணக்கிடும் இந்த ஏற்பாட்டைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். ஆயினும் உடனடி ஆபத்துக்கு இது உதவாது. நோயாளியின் முகம் இங்கும் இணையத்தில் நிற்கிறது.

மூன்றாவது வழி, அரசுக் காப்பீடு தொடாத செலவுகளில் நோயாளிக்குத் துணை நிற்கும் அமைப்புக்குத் தருவது. இதில் யாருடைய முகமும் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி தருகிறது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. எஞ்சுவது காப்பீட்டு அட்டை தொடாத செலவுகள். தழும்பு தடிக்காமலிருக்க உடலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையை நாளில் 23 மணி நேரம், ஓராண்டோ அதற்கு மேலோ அணிய வேண்டும். சில மாதங்களில் அது தொளதொளத்துவிடும், புதிதாகத் தைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அரிப்புத் தாங்காமல் கழற்றி வைத்தால் தழும்பு மறுபடி ஏறுகிறது. அந்த உடைக்கும், தினம் இரண்டு மூன்று முட்டைக்கும், இயன்முறை சிகிச்சைக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணத்துக்கும் யாரும் பக்கம் திறப்பதில்லை. சென்னையில் தீக்காயத்திலிருந்து மீளும் பெண்களோடு நெடுங்காலமாகப் பணியாற்றும் பி.சி.வி.சி. போன்ற அமைப்புகள்தாம் இந்த இடத்தில் நிற்கின்றன. பதிவுபெற்ற அறக்கட்டளைக்குத் தந்தால், அதற்கு நன்கொடை வரிக் கழிவுக்கான 80ஜி அங்கீகாரம் இருந்து, நீங்கள் பழைய வரி முறையைத் தேர்ந்திருக்கும் பட்சத்தில் வருமான வரிக் கழிவும் கோரலாம். தனிமனிதருக்கு நேரடியாகத் தந்தால் அது கிடைக்காது.

மாதம் 500 ரூபாய் தர முடிந்தவருக்கு, ஓராண்டு விடாமல் இந்த மூன்றாவது வழியில் தருவதையே நான் பரிந்துரைப்பேன். தனிநபர் பக்கத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், தொகை மருத்துவமனையின் கணக்குக்குப் போகிறதா, பக்கம் திறந்தவரின் கணக்குக்கா என்று முதலில் பாருங்கள். அதற்கு முன்னதாக, அந்தக் குடும்பத்திடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.