பழைய வயரைத் தேடித் திருத்துவதா, மொத்தமாக மாற்றுவதா?

பாம்பன் பக்கம் பதினைந்து வருடம் ஓடிய விசைப்படகு என்றால் வயரிங்கைப் பார்த்தாலே தலை சுற்றும். கைமாறிய ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு வயரை இழுத்துவிட்டு, பழசை அப்படியே விட்டுப் போயிருப்பார்.

தேடித் திருத்தினால் காசு மிச்சம், பொறுமைதான் செலவு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்சாரம் சோதிக்கும் மல்டிமீட்டரைப் பீப்பில் (வயர் அறுபடாமல் இருந்தால் சத்தம் தரும் நிலை) வைத்து, முனைக்கு முனை பார்த்து டேப் ஒட்டி எண் எழுத வேண்டும். ஆனால் பீப் அடித்தாலே வயர் நல்லது என்று நம்பாதீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன்: மாஸ்ட் (படகின் கம்பம்) விளக்கு வயர் நன்றாகப் பீப் அடித்தது, விளக்கு மட்டும் மின்மினி மாதிரி எரிந்தது. உறையைச் சீவினால் உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். லோடு ஏறினால் வோல்டேஜ் விழத்தானே செய்யும்.

மொத்தமாக மாற்ற வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வேண்டும், விலை கடிக்கும். நேரமும் பிடிக்கும், அதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், முனையில் மட்டும் களிம்பு என்றால் வெட்டிப் புது லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொக்கி) போடுங்கள். ஒரு சாண் தள்ளி வெட்டியும் பச்சை தெரிந்தால் அந்த வயரையே உருவிப் போடுங்கள். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் வயரை மட்டும் நான் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை, நேராகப் புதுசுதான்.