பேட்ச்சா, வேப்பா, மாத்திரையா? பர்ஜர் நோய் வந்த கைக்கு எது ஏற்றது

அண்ணனுக்கு வயது 41. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். போன வருஷம் வலது ஆள்காட்டி விரல் நுனியில் சின்னதாக ஒரு புண் வந்தது. லாரிக் கதவில் இடித்திருக்கும் என்று மருந்து தடவிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ஐஸ் மைலோ டம்ளரைப் பிடித்தால் விரல் வெளுத்து, அப்புறம் நீலமாகி, வலி மணிக்கட்டு வரை ஏறும். ராத்திரியில் கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுத்தான் படுப்பார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை முஷ்டியை இறுக்கச் சொல்லி, மணிக்கட்டின் இரண்டு ரத்தக் குழாய்களையும் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்தார். கையைத் திறந்தபோது உள்ளங்கை மாவு பூசினதுபோல வெளுத்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்துக் குழாயை மட்டும் விட்டார். நம் கை என்றால் சில நொடியில் சிவந்துவிடும். அண்ணனுடைய கை அப்படியே கிடந்தது. அடுத்த பக்கத்தையும் விட்ட பிறகுதான் நிறம் திரும்பியது.

பர்ஜர் நோய் என்றார்கள். கை கால்களின் சிறிய, நடுத்தர ரத்தக் குழாய்கள் அழற்சி கண்டு, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் நோய் இது. 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. கால் நோய் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். கைவிரலையும் இது விடாது. இந்த நோய் வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே புகையிலை பழக்கம் உள்ளவர்கள், பெரும்பாலும் 50 வயதுக்குள். ஆக விரலைக் காப்பாற்றும் மருந்து சிகரெட்டை விடுவதுதான். எப்படி விடுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

அண்ணன் சொன்னது, "குறைச்சுக்கிறேன்." இது வேலைக்கு ஆகாது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சிகரெட்கூட இந்த நோயை உயிரோடு வைத்திருக்கப் போதும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் தன் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், முழுதாக விட்டவர்களில் 94 சதவீதம் பேருக்கு விரலோ காலோ வெட்ட வேண்டி வரவில்லை. விடாதவர்களில் 43 சதவீதம் பேருக்கு வெட்ட வேண்டியதாயிற்று. அந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதி அண்ணன் கையில் கொடுத்தேன்.

கூட்டாளிகள் சொன்னது வேப், அதாவது மின்சிகரெட். மலேசியாவில் 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்ததிலிருந்து இது சர்வ சாதாரணமாகிவிட்டது. 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த புதிய சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கத் தடை போட்டது, 41 வயது அண்ணனை அந்த வயது வரம்பு தடுக்காது. புகை இல்லை, தார் இல்லை, சரி. உள்ளே போவது அதே நிக்கோட்டின்தானே? ரத்தக் குழாயைச் சுருக்குவது அதுதான். நுரையீரலுக்காக வேப்புக்கு மாறினேன் என்று ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். கறுத்துக்கொண்டிருக்கிற விரலுக்கு அதில் ஒரு நன்மையும் இல்லை.

அண்ணி சொன்னது தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச். சாதாரணமாகப் புகை பிடிப்பவருக்கு இது நல்ல வழி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 21 மில்லிகிராம் பேட்ச்சை ஒட்டினால் நாள் முழுக்க நிக்கோட்டின் கசிந்துகொண்டே இருக்கும். நிக்கோட்டின் சூயிங்கமும் அதே கதை. அது இந்த நோயை அடங்கவிடாமல் வைத்திருக்கலாம் என்பதால், பர்ஜர் நோயாளிக்கு நிக்கோட்டின் இல்லாத வழியைத்தான் மருத்துவர்கள் முதலில் பார்க்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. புகையை விட்டாரா என்று சிறுநீரில் கோட்டினின் (உடம்பில் நிக்கோட்டின் மாறி உண்டாகும் பொருள்) அளவு பார்ப்பார்கள். பேட்ச் போட்டவருக்கும் அது ஏறித்தான் இருக்கும், அதனால் அந்தச் சோதனையே பயனில்லாமல் போய்விடும்.

மிஞ்சியது மாத்திரை. வரெனிக்லின், மூளையில் நிக்கோட்டின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்து ஏக்கத்தைத் தணிக்கும். விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, மொத்தம் 12 வாரம். குமட்டும், அதனால் சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். தலைசுற்றலும் கெட்ட கனவும் வரலாம். லாரி ஓட்டுபவர் என்பதால் முதல் வாரம் லீவு போட வைத்தோம். புப்ரோபியான் என்று இன்னொரு மாத்திரை இருக்கிறது, வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. சின்ன வயதில் அண்ணனுக்கு வலிப்பு வந்ததுண்டு, எனவே அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. என் ஓட்டு வரெனிக்லினுக்கு. ஒரேயடியாக விட்டுவிடும் மனத்திடம் இருப்பவர் மாத்திரையே இல்லாமல் விடலாம். அண்ணன் அப்படி மூன்று முறை முயன்று, மூன்று முறையும் மாமாக் கடை வாசலில் தோற்றவர். வெற்றிலையோடு போடும் புகையிலையும் கணக்கில் சேரும், அதையும் நிறுத்தியாக வேண்டும்.

ஆஸ்பத்திரி வழிகளும் இருக்கின்றன. ரத்தக் குழாயை விரிக்கும் ஐலோப்ரோஸ்ட் மருந்தை நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 28 நாள் ஏற்றிப் பார்த்த ஆய்வில், ஆஸ்பிரினைவிடப் புண் நன்றாக ஆறியது. நரம்பைத் துண்டிக்கும் ஆபரேஷன் வலியைக் குறைக்கலாம், ஆனால் அந்தப் பலன் நீடிக்கும் என்ற உறுதி இல்லை. பைபாஸ் பெரும்பாலும் முடியாது, ஏனென்றால் அடைப்புக்கு அப்பால் இணைக்க நல்ல குழாயே இருக்காது. இவற்றில் எதைச் செய்தாலும் சிகரெட் தொடர்ந்தால் புண் திரும்ப வரும்.

கையைச் சூடாக வைப்பதில் அம்மா வெந்நீரைத்தான் நம்பினார். மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். கையுறைதான் பத்திரம். கேமரன் மலைக்குப் போனபோது வாங்கிய கம்பளிக் கையுறை லாரி ஏர்கோனுக்கு இப்போது உதவுகிறது.

இது ஒன்பதாவது வாரம். புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகியிருக்கிறது. நேற்று சட்டைப் பொத்தான்களை அண்ணனே போட்டுக்கொண்டார். கழுத்துப் பொத்தானுக்கு மட்டும் அண்ணியைக் கூப்பிட்டார்.