கண்ணில் ஊசியா, மாத்திரையா, ட்ரிப்ஸா? சிஎம்வி விழித்திரை நோய்க்கு எதை எடுப்பது

சிஎம்வி எனப்படும் சைட்டோமெகலோ வைரஸ் நம் ஊர்ப் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. சிறு வயதில் தாய்ப்பால் வழியாகவோ எச்சில் வழியாகவோ வந்து, பெரிதாக எதுவும் செய்யாமல் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி சரிந்தால்தான் தலைதூக்கும். எச்ஐவி உள்ளவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிடி4 அணுக்கள் (எதிர்ப்புச் சக்தியைத் தாங்கும் வெள்ளணுக்கள்) 50-க்குக் கீழே போகும்போது, அது அதிகமாகத் தாக்கும் இடம் விழித்திரை. வலி இருக்காது, கண் சிவக்காது. "கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள், இல்லையென்றால் ஓரத்தில் ஒரு பக்கம் மறைக்கிறது என்பார்கள். அதற்குள் உள்ளே ரத்தக்கசிவோடு வெள்ளைத் திட்டுகள் பரவியிருக்கும். திட்டு பரவிய இடத்தில் விழித்திரை செத்துவிட்டது, அது திரும்பாது. சிகிச்சை எல்லாமே மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான்.

வேலூர்க்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதித்து, நாட்டின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தது இங்குள்ள சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகம்தான். 1971-லேயே சிறுநீரக மாற்று அறுவை செய்த ஊர், 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றும் நடக்கிற ஊர். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், மாற்று உறுப்புக்காக அதை மருந்தால் குறைத்துக்கொண்டவர்கள் என்று இரண்டு சாராரும் இந்தத் தெருக்களில் நடமாடுகிறார்கள். எச்ஐவி உள்ளவர்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவன் என்கிற முறையில், சிஎம்வி கண்ணுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் குடும்பத்தார் என்னிடம் கேட்கிற முதல் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன்: ஊசி போதுமா, மாத்திரை வேண்டுமா?

முக்கிய மருந்து ஒன்றுதான், கேன்சிக்ளோவிர். அதைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடலாம், நரம்பில் ட்ரிப்ஸாக ஏற்றலாம். வால்கேன்சிக்ளோவிர் மாத்திரையாக விழுங்கினால் குடலிலும் கல்லீரலிலும் அதுவே கேன்சிக்ளோவிராக மாறிவிடும்.

ஊசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஜனங்கள் மிகவும் பயப்படுவதும் கடைசியில் அதிகம் எடுப்பதும் அதைத்தான். முதலில் மரத்துப்போகும் சொட்டு விடுவார்கள். போவிடோன் அயோடினால் இமையையும் கண்ணையும் கழுவுவார்கள். அந்தப் பழுப்புக் கறை வீடு வந்து சேரும்வரை கன்னத்தில் இருக்கும். இமை மூடாதபடி ஒரு கம்பிக் கிளிப். அப்புறம் கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழி வழியாக மிக மெல்லிய ஊசி இறங்கும். உள்ளே போவது 0.1 மில்லிலிட்டர் அளவு மருந்து, அவ்வளவுதான். ஊசியை எடுத்ததும் டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார். சரியாகச் சொன்னால், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடவில்லை என்று அர்த்தம். பலரும் பயந்த அளவுக்கு வலி இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

இதன் பெரிய பலம் விலை. கேன்சிக்ளோவிர் குப்பி ஒன்றில் 500 மி.கி. இருக்கும். கண்ணுக்கு ஒரு தடவை வேண்டியது வழக்கமாக 2 மி.கி. சுத்தமாகப் பிரித்து வைக்கும் வசதியுள்ள இடத்தில் ஒரு குப்பி நிறைய பேருக்கு வரும். மருந்து நேராகப் புண் இருக்கும் இடத்துக்கே போகிறது, ரத்த அணுக்களைத் தொடுவதில்லை. திட்டு பார்வை நரம்புக்கோ மையப் புள்ளிக்கோ அருகில் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது. அங்கே ஊசிக்கு ஈடு இல்லை.

ஆனால் ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை, அப்புறம் வாரம் ஒன்று. வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவரையோ குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாவையோ நினைத்துப் பாருங்கள். பஸ் செலவு, அன்றைய கூலி, கூட வரும் ஆளின் கூலி. கண்ணில் சொட்டு விட்டபின் தனியாகத் திரும்பிப் போக முடியாது. மருந்து மலிவு, வந்துபோவது மலிவு இல்லை. ஒவ்வொரு ஊசிக்கும் கிருமி உள்ளே போகும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. எண்ணிக்கை கூடக் கூட அந்தக் கொஞ்சம் சேரும்.

இதைவிடப் பெரிய குறை வேறு. வைரஸ் இருப்பது கண்ணில் மட்டும் அல்ல, ரத்தத்தில். வலது கண்ணுக்கு ஊசி போட்டால் இடது கண்ணுக்கு எந்தக் காவலும் இல்லை. குடலுக்கும் நுரையீரலுக்கும் இல்லை. அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. கண்ணில் மட்டும் மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால், உடம்பு முழுக்கப் போகும் மருந்தையும் எடுத்தவர்களிடம் இறப்பு ஏறத்தாழ பாதி. அடுத்த கண்ணுக்குப் பரவுவது சுமார் 80 சதவீதம் குறைவு, மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது சுமார் 90 சதவீதம் குறைவு. ஊசியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஆய்வைத்தான். கண் பிழைத்து ஆள் போய்விட்டால் என்ன லாபம்?

அதனால் என் முதல் தேர்வு மாத்திரை. 2002-ல் வெளிவந்த ஆய்வில் புதிதாக நோய் கண்ட 160 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு ட்ரிப்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு வாரம் கழித்து, நோய் முன்னேறியவர்கள் இரண்டு பக்கமும் சுமார் 10 சதவீதம்தான். அதாவது ஆஸ்பத்திரியில் படுக்காமல், நரம்பில் குத்தாமல், அதே பலன். 450 மி.கி. மாத்திரை இரண்டு காலையில், இரண்டு இரவில், சாப்பாட்டோடு. இப்படி 21 நாளைக்கு 84 மாத்திரை ஆகும். அதன்பிறகு தினம் இரண்டு.

இந்த மாத்திரைக்குப் பின்னால் நம் மாநிலத்துக் கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. வால்கேன்சிக்ளோவிருக்கு 2007-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமை கொடுத்தது. அதை எதிர்த்து நின்றவர்களில் போட்டிக் கம்பெனிகள் மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் எச்ஐவியோடு வாழ்கிறவர்களின் கூட்டமைப்பும் இருந்தது. 2010-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. இன்று பல இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை கிடைக்கிறது என்றால், மருந்து தேவைப்பட்டவர்களே போய் வாதாடியதும் அதற்கு ஒரு காரணம். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அப்படியும் கூலி வேலைக் குடும்பத்துக்கு இது பெரிய செலவுதான். எச்ஐவி சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. சென்டரில் எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைப்பது போல இதுவும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. கையிருப்பு இருக்கிறதா, எந்தத் திட்டத்தில் வாங்க முடியும் என்று சென்டரில் முதல் நாளே கேளுங்கள். வெளியே சொந்தக் காசில் வாங்கத் தொடங்கி பாதியில் நிறுத்துவதுதான் இருப்பதிலேயே கெட்ட வழி. வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும்.

மாத்திரைக்கும் குணங்கெட்ட பக்கம் உண்டு. ரத்த வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் குறைக்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500-க்குக் கீழே, தட்டணு 25,000-க்குக் கீழே, ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் தொடங்கக் கூடாது. எச்ஐவிக்கு ஜிடோவுடின் எடுப்பவர் என்றால் ரத்தசோகை ஆபத்து இன்னும் கூடும், டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரகம் சுணங்கியவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். கருவுக்குக் கேடு செய்யும் மருந்து என்பதால் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. வீட்டில் அப்பாவுக்குப் பொடித்துக் கொடுக்கிற மருமகள் கர்ப்பமாக இருக்கலாம், இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இன்னொன்று, மருந்துக் கடைச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள். அக்கிக்குக் கொடுக்கும் வாலாசைக்ளோவிர் வேறு, இது வேறு. அசைக்ளோவிர் வகை சிஎம்வி கண்நோயை அடக்காது. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் மாறிப்போனால் ஒரு வாரம் வீணாகும், அந்த ஒரு வாரத்தில் போகும் பார்வை திரும்பி வராது.

ட்ரிப்ஸ் எப்போது? தீராத பேதி, வாந்தி, வாயில் வெண்படலம், எதுவும் விழுங்க முடியவில்லை என்று வருபவருக்கு. மாத்திரை குடலில் ஏறவே இல்லையென்றால் எவ்வளவு நல்ல மாத்திரையாக இருந்து என்ன? கிலோவுக்கு 5 மி.கி. கணக்கில் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், 14 முதல் 21 நாள். வார்டிலோ பக்கத்து லாட்ஜிலோ தங்கித்தான் ஆக வேண்டும். பேதி நின்றதும் மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம். கேன்சிக்ளோவிருக்கு அடங்காத வைரஸுக்கும் ரத்த அணு மிகக் குறைந்தவர்களுக்கும் ஃபாஸ்கார்னெட் என்ற வேறு மருந்து இருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் கலைக்கும். இன்று கூட்டு மருந்தில் பெரும்பாலோர் எடுக்கும் டெனோஃபோவிரும் சிறுநீரகத்தில் கை வைக்கிற மருந்து என்பதால் ரெண்டும் சேரும்போது கூடுதல் கவனம் தேவை. 1996-ல் வந்த கண்ணுக்குள் பதிக்கும் கேன்சிக்ளோவிர் வில்லையும் 1998-ல் வந்த ஃபோமிவிர்சென் ஊசியும் இப்போது சந்தையில் இல்லை. பழைய கட்டுரையில் படித்துவிட்டுத் தேடி அலைய வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான். சாப்பிட முடிகிறவருக்கு மாத்திரை. திட்டு மையத்துக்கு அருகில் என்றால் மாத்திரையோடு முதல் சில நாளில் ஊசியும். சாப்பிட முடியாதவருக்கு ட்ரிப்ஸ். ஊசி மட்டும் என்பது வேறு எதுவுமே கைகூடாதபோது. அப்போதும் அதைத் தள்ளிவிடக் கூடாது, ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். ரத்த அணுக்கள் மிகவும் கீழே கிடப்பவருக்கு அதுவே சரியான தேர்வாகவும் இருக்கலாம். டாக்டர் கண்ணையும் ரத்தத்தையும் பார்த்து வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் முடிவு, ஆனால் காரணம் கேளுங்கள்.

ஒப்பிட வேண்டியது இன்னொன்று உண்டு, எனக்கு அது மருந்தைவிட முக்கியம். பூச்சி பறக்கும்வரை காத்திருப்பதா, முன்னாலேயே போய்ப் பார்ப்பதா? விழித்திரை ஓரத்தில் தொடங்கும் திட்டு நெடுநாள் எந்த அறிகுறியும் காட்டாது. எச்ஐவி முற்றிய நிலையில் வருபவருக்கு காசநோய் சோதனை, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைக்கான சோதனை, நிமோனியா வராமலிருக்கக் கோட்ரைமாக்சசோல் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு தொகுப்பே வைத்திருக்கிறது. விழித்திரைப் பரிசோதனை அதில் இல்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம். சிடி4 100-க்குக் கீழே என்று சீட்டில் பார்த்தால், பார்வை நன்றாக இருந்தாலும் கண் டாக்டரிடம் போங்கள். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, ஆரணி ரோட்டில் உள்ள ஷெல் கண் மருத்துவமனையாக இருந்தாலும் சரி, "கண்ணாடி பவர் வேண்டாம், சொட்டு விட்டு விழித்திரையின் ஓரம்வரை பார்க்கணும் சார்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சொட்டு வேலை செய்ய அரை மணி, பார்க்கச் சில நிமிடம். கண்ணில் தெரிவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியா, சிஃபிலிஸா, காசநோயா என்று பிரித்தறிவதும் அங்கேதான். ஒன்றின் மருந்து மற்றதற்கு ஆகாது.

சிறுநீரகம் மாற்றியவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு மாற்றியதிலிருந்து மூன்று முதல் ஆறு மாதம் வரை வால்கேன்சிக்ளோவிர் தடுப்பாகவே கொடுப்பது உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்கு லெட்டர்மோவிர் என்ற தடுப்பு மருந்து 2017 முதல் இருக்கிறது, ரத்த அணுக்களை அது குறைப்பதில்லை. ஆனால் கண்ணில் ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்கு அது பதில் இல்லை. மாற்று உறுப்பை உடம்பு ஏற்க எடுக்கும் மருந்தின் அளவை டாக்டர் குறைத்துப் பார்ப்பதும் இங்கே சிகிச்சையின் பாகம். நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், மாற்றிய சிறுநீரகமே போய்விடும்.

எச்ஐவி உள்ளவருக்கு உண்மையான மருந்து கூட்டு மருந்துதான். சிஎம்வி மருந்தைத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அதையும் தொடங்கிவிட வேண்டும். எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது சிலருக்குக் கண்ணுக்குள் வீக்கம் வந்து பார்வை மங்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள், அப்படிச் செய்யாமல் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், அதற்குத் தனி சிகிச்சை உண்டு. சிடி4 100-க்கு மேல் ஏறி மூன்று முதல் ஆறு மாதம் நிலைத்து, திட்டும் அடங்கியிருந்தால் டாக்டர் வால்கேன்சிக்ளோவிரை நிறுத்துவார். அதன்பிறகும் முதல் வருஷம் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிடி4 திரும்ப 100-க்குக் கீழே சரிந்தால் மாத்திரையைத் திரும்பத் தொடங்க வேண்டும்.