ஊசி போடுவதா, ஒதுங்கி நிற்பதா: நெதர்லாந்தும் பிரிட்டனும்

மீள வழியில்லாத வேதனையோடு பிறக்கும் சிசுவை என்ன செய்வது? பிரிட்டனில் வென்டிலேட்டரை நிறுத்தலாம், வலி தணிக்க மார்ஃபின் கொடுக்கலாம். சாகடிக்கும் எண்ணத்தோடு ஊசி மட்டும் போடக் கூடாது. நெதர்லாந்தில் சில நிபந்தனைகளோடு அதையும் செய்யலாம். மேலோட்டமாகப் பார்த்தால் பிரிட்டன் மென்மையானது, நெதர்லாந்து கொடியது என்றே தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 1981இல் பிரிட்டனின் லெஸ்டர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைப் படிக்கும்வரை.

டெர்பி நகரில் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறோடு பிறந்த குழந்தையைப் பெற்றோர் வேண்டாம் என்றார்கள். குழந்தை மருத்துவர் லெனார்ட் ஆர்தர், 'செவிலியர் பராமரிப்பு மட்டும்', அதாவது உயிர்காக்க எதுவும் செய்ய வேண்டாம், என்று எழுதிவைத்து, வலிநிவாரணி மருந்தொன்றும் கொடுக்கச் சொன்னார். மூன்று நாளில் குழந்தை இறந்தது. பிணக்கூறாய்வில் வேறு கோளாறுகளும் தெரிந்ததால் கொலைக் குற்றச்சாட்டு கொலை முயற்சியாகக் குறைந்தது. ஜூரி அவரை விடுவித்தது. அதே ஆண்டில், குடல் அடைப்போடு பிறந்த இன்னொரு டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குப் பெற்றோர் மறுத்தும் அறுவை சிகிச்சை செய்யும்படி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையிட்டது. இன்றும் அங்கே பெற்றோரும் மருத்துவரும் முரண்பட்டால் குழந்தையின் நலன் பார்த்து நீதிமன்றமே முடிவு சொல்கிறது.

நெதர்லாந்தின் கருணைக்கொலைச் சட்டம் தன் வாயால் கேட்கும் நோயாளிக்குத்தான். சிசுவால் கேட்க முடியாது. ஆகவே ஊசி போட்ட மருத்துவர் சட்டப்படி கொலை செய்தவர்தான். ஆனால் 1990களில் இப்படி வழக்கில் சிக்கிய இரண்டு மருத்துவர்களை நீதிமன்றங்கள் விடுவித்திருந்தன. அந்தத் தீர்ப்புகளின் வழியில் குரோனிங்கன் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் எடுவார்ட் வெர்ஹாகன், அரசு வழக்கறிஞர்களோடு பேசி 2004இல் நெறிமுறை வகுத்தார்: தீராத, தாங்கமுடியாத வேதனை, இரு பெற்றோரின் சம்மதம், சிகிச்சையில் சம்பந்தப்படாத மருத்துவரின் உறுதி, முடிந்ததும் அதிகாரிகளுக்கு அறிக்கை.

அந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. டெர்பியில் நடந்ததை வெளியே சொல்ல எந்தப் படிவமும் இருக்கவில்லை.

அதற்காக நெறிமுறைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1997 முதல் 2004 வரை நெதர்லாந்தில் அறிக்கையான 22 நிகழ்வுகளும் கடுமையான ஸ்பைனா பைஃபிடா, அதாவது முதுகெலும்புப் பிளவு. ஒன்றிலும் வழக்குத் தொடரப்படவில்லை. அவர்களில் எல்லோரும் சாகும் தறுவாயில் இருந்தவர்களா என்று நெதர்லாந்திலேயே குழந்தை அறுவை மருத்துவர்கள் கேட்டார்கள். வலிக்கு மருந்து உண்டு. பின்னாளில் நடக்க முடியாமல் போகும் என்பதை இன்றைய வேதனையோடு கூட்டலாமா? 'தாங்கமுடியாத' என்ற சொல்லைச் சிசுவின் வாயில் வைப்பது நாம்தான். பிரிட்டன் போட்ட கோடு இந்த இடத்தில் உதவுகிறது. வென்டிலேட்டரை எடுத்தபின் தானே மூச்சுவிடும் குழந்தை பிழைத்துக்கொள்ளும், மருத்துவர் கணக்கு தப்பென்று தெரிந்துவிடும். ஊசி போட்டபின் அது தெரிய வழியில்லை.

2007இல் நெதர்லாந்து, கருவின் குறைகளைக் கண்டறியும் 20ஆவது வார ஸ்கேனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொண்டுவந்தது. பிறகு அறிக்கைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. அந்தக் குழந்தைகளில் பலர் இப்போது பிறப்பதே இல்லை.